உப்பிப்போன கதவு

அந்த விடுதியில் அவரை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூட யாரென்று தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நான்கு மாடிக் கட்டடம் அது. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் மடிப்பக்காதான் மேற்பார்வை. கட்டில் விரிப்பின் மூலையை அவர் மடித்துச் செருகினால் அது புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டது மாதிரி இருக்கும். வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே பாடம் நடந்துவிடும்.

"கெஸ்ட் கதவைத் திறந்தா, இந்த ரூமுல இதுக்கு முன்னாடி ஒருத்தரும் மூச்சே விட்டதில்லைன்னு நினைக்கணும். ஒரு முடி கிடந்தாலும் மானம் போச்சு."

மனிதர்கள் ஓர் அறையில் என்னவெல்லாம் விட்டுப்போவார்களோ அத்தனையும் அவர் பார்த்தாயிற்று. வாந்தி, ரத்தக் கறை, நனைந்த மெத்தை. புதுப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். மடிப்பக்கா ஓடமாட்டார். முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் எதுவுமே நடக்கவில்லை என்று ஆக்கிவிடுவார்.

இப்படிப்பட்டவரின் கைப்பையிலிருந்து ஒரு நாள் சமையல் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் கீழே விழுந்தது.

விழுந்த இடம் அடித்தளத்துச் சலவை அறை. பெரிய இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிச் சிமெண்ட் தரையில் 'டங்'கென்று சத்தம். குனிந்து எடுத்தவர் சலவைக்குப் பொறுப்பான நுரையண்ணன். நாள் முழுக்கச் சோப்பு நுரையில் நிற்பதால் வந்த பெயர் அது.

"ஏம்மா மடிப்பு, ஊருல திருட்டு பயம் அதிகம்தான். அதுக்காக அடுப்பை வீட்டுல விட்டுட்டு ரெகுலேட்டரை மட்டும் கூட்டிக்கிட்டு வருவாங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மடிப்பக்காவும் சிரித்து வைத்தார்.

"ரிப்பேருக்குக் குடுக்கணும்ணே."

"புதுசாட்டம் இருக்கே."

"உள்ள ரிப்பேர்."

நுரையண்ணன் அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெண்கள் தள்ளுவண்டியோடு மேலே போனதும், ஈரத் துணியை உதறிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"வீட்டுல யாரு?"

மடிப்பக்கா ரெகுலேட்டரைப் பைக்குள் திணித்தார்.

"என் பொண்ணு இருக்காளே, உடம்பு வளந்துச்சு, மனசு குழந்தையாவே நின்னுடுச்சு. அவளுக்குப் பயந்து கொஞ்ச நாள் வீட்டுல இருக்கற கத்தி, தீப்பெட்டி எல்லாத்தையும் பையில போட்டு வேலைக்கு எடுத்துட்டு வந்தேன். கேட்டுல சோதனை போட்டிருந்தா என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான் சொல்லு."

அதற்கும் மடிப்பக்கா சிரித்தார். சிரித்துவிட்டு, "அவருதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேலே போய்விட்டார்.

*

அவர் என்றால் கணவர். நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகும் குரல். சில்லறை இல்லாதவனைத் திட்டினால்கூடப் பேருந்தே சிரிக்குமாம். மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்று மருத்துவர் சொன்னார். அதன்படியே ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் நிறுத்தங்களின் பெயர். அப்புறம் சட்டைப் பொத்தான். அப்புறம் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று உடம்பு சொல்வது அவருக்குக் காதில் விழாமல் போயிற்று. பேச்சும் சிரிப்பும் மட்டும் கடைசிவரை இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டன. வெளியார் யார் வந்தாலும் அவை எழுந்து முன்னால் வந்துவிடும்.

பணிக்காலம் முடியுமுன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. மடிப்பக்கா வேலைக்குப் போனால்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடும் மருந்தும். அவர் போனதும் கண்டக்டரும் கிளம்பிவிடுவார், தன் பேருந்தைத் தேடி. பணிமனையில் பழைய கூட்டாளிகள் பிடித்து வைத்து, "அண்ணன் டியூட்டிக்கு வந்துட்டாரு" என்று கேலி பேசி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுபடியும் போனார். கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர்தான் அவரை நெடுஞ்சாலை நடுவிலிருந்து இழுத்து ஓரத்தில் உட்காரவைத்தார். பேருந்தை நிறுத்துவதற்காகக் கையைக் காட்டிக்கொண்டு நின்றாராம்.

மறுநாள் காலையில் மடிப்பக்கா வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

படி இறங்குவதற்குள் உள்ளேயிருந்து கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. நின்றார். இன்னொரு தடவை கேட்டது. நடந்துவிட்டார். சாயங்காலம் வந்து திறந்ததும் கண்டக்டர் கேட்டார், கோபமில்லாமல், வியப்பாக:

"இந்தக் கதவுக்கு என்ன ஆச்சு? இழுக்கறேன், இழுக்கறேன், வரவே மாட்டேங்குது."

"மழைக்கு மரம் உப்பிடுச்சுங்க."

வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது ஒட்டிக்கொண்டது. கோடை வந்ததும் கதவு வெயிலுக்கு வளைந்துபோனது. மறுபடி மழை, மறுபடி உப்பல். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் நம்பினார். "தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தை லேசா இழைச்சா சரியாயிடும்" என்று யோசனை சொல்வார். "கூப்பிடறேங்க" என்பார் மடிப்பக்கா.

கூப்பிட்டது கண்டக்டர்தான். ஒரு நாள் ஜன்னல் கம்பி வழியாகத் தெருவில் போன ஒரு தச்சரைப் பார்த்துவிட்டார். அந்தத் தச்சர் சாயங்காலம் தெருமுனையில் மடிப்பக்காவுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கதவு உப்பிடுச்சுன்னு கூப்பிட்டாரு. போய்ப் பாத்தேன்."

மடிப்பக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கதவு நல்லாத்தான் இருக்கு. நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலை. மரம் காயட்டும், அப்புறம் வர்றேன்னுட்டேன்." தச்சர் தன் கருவிப் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "கை கன்னிப்போற அளவுக்கு இழுத்திருக்காரு போல. மருந்து ஏதாவது போடுங்க."

முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் பொய்யில் பங்கெடுத்துக்கொண்டு போகிறார். அதுதான் தாங்கவில்லை என்று மடிப்பக்கா பின்னால் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்ததாம். வீட்டுக்குள் போனால், கண்டக்டரின் இரண்டு உள்ளங்கையும் கன்றிப்போயிருந்தன. அவர் அதைப் பெருமையாக நீட்டிக் காட்டினார். "என்னா கனம் கனக்குது தெரியுமா அந்தக் கதவு!"

*

மறுநாள் சலவை அறையில் மடிப்பக்காவே பேச்சைத் தொடங்கினார். பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. தனியாக விட்டு வர முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். நுரையண்ணன் இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்தார்.

"அதுக்கு இப்பப் புதுசா ஒரு சட்டமே வந்திருக்கும்மா. வீட்டுல ஒருத்தரைக் கவனிச்சுக்கிட்டே வேலைக்கும் போறவங்க இருந்தா, பகல் நேரத்துக்கு நகராட்சி ஒரு ஆளை அனுப்பணும். ஷிப்டையும் மாத்தித் தரச் சொல்லலாம். கேட்டதுக்காக வேலையை விட்டுத் தூக்க முடியாது."

"என் புருஷனைப் பாத்துக்கறதுக்கு நான் போய் ஆபீசுல கையேந்தணுமாண்ணே?"

"நல்லா இருக்கே கதை! இத்தனை நாளு நீ நர்ஸ், சமையல்காரி, வாட்ச்மேன்னு மூணு ஆள் வேலை பாத்திருக்கே. அதுக்கெல்லாம் பில் போட்டு அனுப்பினா, அந்த ஆபீசைக் கட்டடத்தோட வித்துத்தான் குடுக்கணும். போய்க் கேளும்மா."

கேட்டார். நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார்கள். நாளும் குறித்தார்கள்.

அந்த நாளில் மடிப்பக்கா செய்த காரியத்தை வேறு தொழிலில் இருப்பவர் அவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டைத் துடைத்தார். மெத்தையின் மேல் போடும் ரப்பர் விரிப்பைச் சுருட்டி அலமாரியின் தலையில் வைத்து முன்னால் பெட்டியை நகர்த்தினார். புது விரிப்பு போட்டு நான்கு மூலையும் மடித்தார். கண்டக்டருக்குச் சவரம் செய்து, நல்ல சட்டை மாட்டி, தலைவாரி, நாற்காலியில் உட்காரவைத்தார். பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வாழ்ந்த சுவடே இல்லாத ஒரு அறையை ஆக்கி முடித்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

அதிகாரி முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண். தலைக்கவசம் கையில். கண்டக்டர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. உள்ள போயிட்டே இருங்க, படியில நிக்காதீங்க. உக்கார சீட் இருக்கு!"

அதிகாரி சிரித்துவிட்டார். கண்டக்டர் விடவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள், இந்த வெயிலில் ஸ்கூட்டர் எதற்கு, எங்கே ஏறி எங்கே மாறினால் சுகமாக வரலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வழித்தடத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்று அதிகாரிக்கும் தெரியவில்லை.

"குளிக்கறது, துணி மாத்திக்கறதெல்லாம் எப்படிங்க ஐயா?"

"எப்படின்னா? நானேதான். என்னைப் பாத்தா ஆள் வச்சுக் குளிப்பாட்டற மாதிரியா இருக்கு?" என்று கண்டக்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீயே சொல்லு."

மடிப்பக்கா என்ன சொல்வார்? காலையில்தான் அவரைக் கழுவித் துடைத்து உட்காரவைத்திருக்கிறார். அதை அவர் முகத்துக்கு நேரே, ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்வதா?

"அவரே பண்ணிக்குவாருங்க."

"நீங்க வேலைக்குப் போறப்ப கூட யாரு இருப்பாங்க?"

பூட்டு பைக்குள் கனத்தது.

"என் நாத்தனார் வருவா. தினமும் வந்துடுவா."

அதிகாரி எழுந்து, வீட்டை ரொம்ப நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

*

உதவி கிடையாது என்ற பதிலைத் தொலைபேசியில்தான் சொன்னார்கள். மடிப்பக்கா அப்போது மூன்றாம் மாடியில் போர்வைகள் அடுக்கும் அறையில் நின்றிருந்தார்.

"உங்க நாத்தனார்கிட்டயும் பேசிட்டோம் மேடம். தினமும் வந்து, மத்தியானம் சூடா சமைச்சுப் போட்டு, சாயங்காலம் வரைக்கும் இருக்கறதா சொன்னாங்க. அவங்க இவ்வளவு நல்லா பாத்துக்கறப்ப..."

நாத்தனார் அந்த வீட்டுப் படியை மிதித்தே நாளாகிறது.

கண்டக்டரின் தங்கைக்கு நீதிமன்றத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. சாயங்காலம் மடிப்பக்கா நேரே அங்கே போனார். கடையில் கூட்டம். இயந்திரம் பச்சை வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தது.

"நீ தினமும் எங்க வீட்டுக்கு வர்றியாமே?"

"அண்ணி, மெதுவா."

"சூடா சமைச்சுப் போடறியாமே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க?" நாத்தனார் தாளை அடுக்கிக்கொண்டே பல்லுக்குள் பேசினார். "ஒரு பொண்ணு போன் பண்ணி, நீங்கதானே தினமும் அண்ணனைப் பாத்துக்கறதுன்னு கேக்குது. கடை நிறைய ஆளு. இல்லைங்க, நான் எட்டிக்கூடப் பாக்கறதில்லைன்னு சொல்லவா? என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"அதுக்கு?"

"அதுக்குன்னா? மொதல்ல சொன்னது யாரு? நீங்கதானே!"

"நான் மானத்துக்குச் சொன்னேன்."

"நான் மட்டும் என்ன, அவமானத்துக்கா சொன்னேன்?"

"அக்கா," என்று வரிசையில் நின்ற ஒருவர் தாளை நீட்டினார், "இதுல ரெண்டு பக்கமும் வேணும்."

இரண்டு பேரும் அந்த ஆளை முறைத்தார்கள். அவர் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நாத்தனார் சொன்னதை உண்மையாக்கிவிடுவது என்று கிளம்பினார். கடையை அடைத்துவிட்டு, சமையல் பாத்திரத்தோடு வந்தார். மடிப்பக்கா அன்று பூட்டாமல் வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"சாப்பிடற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு அண்ணி. அப்புறம் நாற்காலியிலயே... நான் மாத்திவிடலாம்னு கிட்ட போனேன். வேட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, 'நீ போ, நீ வெளிய போ'ன்னு கத்தறாரு. என்னைத் தூக்கி வளத்தவரு அண்ணி. நான் எப்படி..." அவர் முடிக்கவில்லை. "அப்படியே ஈரத்துலதான் உக்காந்திருக்காரு. என்னால முடியலை. நீங்க எப்படி தினமும்..."

மடிப்பக்கா உள்ளே போய் வேலையை முடித்தார். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துழைத்தார். வெளியே வந்தபோது நாத்தனார் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போயிருந்தார். மறுநாள் வரவில்லை. மடிப்பக்கா எதிர்பார்க்கவுமில்லை. மறுபடியும் பூட்டு தொங்கியது.

*

நுரையண்ணன் அவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். "வீட்டுல ஆளைப் பாத்துக்கறவங்க சேர்ந்து மாசம் ஒரு தடவை உக்காருவோம். டீ நல்லா இருக்காது, முன்னாடியே சொல்லிட்டேன்." நூலகத்து மாடியில் இடம். அன்று மட்டும் அண்டைவீட்டுப் பெண்மணி ஒருவர் கண்டக்டரோடு இருக்கச் சம்மதித்திருந்தார்.

மாடி நிறைய நாற்காலி, நாற்காலி நிறைய ஆள். பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள், வீட்டில் ஒருவரை விட்டுவிட்டு வந்தவர்கள் இல்லையா. மறு ஆய்வு கேட்க நமக்கு உரிமை உண்டு, முதல் பதிலோடு ஓய்ந்துவிடாதீர்கள் என்று ஒருவர் விளக்கினார். பிறகு நுரையண்ணன் எழுந்தார்.

"அதிகாரி வர்ற அன்னிக்கு வீட்டைப் பெருக்காம விட்டவங்க யாராவது இங்க இருக்கீங்களா? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. சிரிப்பு பொங்கியது.

"நான் எங்க அப்பாவுக்கு ஷூ மாட்டிவிட்டேன்," என்றார் ஒரு தையல்காரர். "எந்திரிச்சு நிக்கவே முடியாத மனுஷனுக்கு. பாலிஷ் வேற."

"எங்க மாமியார் அதிகாரி முன்னாடி என்னைக் காட்டி, இவ யாரு, வேலைக்கு வந்தவளான்னு கேட்டாங்க. நான் ஆமாங்கன்னு சொல்லிட்டேன்," என்றார் ஒரு பெண். அதற்கு எழுந்த சிரிப்பில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

சிரிப்பு அடங்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கேன். தம்பியை. நாற்காலியோட. துணியாலதான் கட்டினேன்."

பக்கத்திலிருந்தவர் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மடிப்பக்கா தலையைக் குனிந்து புடவை மடிப்பை நீவினார். நானும்தான் என்று சொல்ல அதைவிடத் தோதான நேரம் வராது. அவருக்குள் எழுந்ததோ வேறு: நல்லவேளை, நான் கட்டவில்லை, பூட்டத்தானே செய்தேன். அடுத்த நொடியே அந்த எண்ணம் காதுவரை சுட்டது. கூட்டம் முடியுமுன் எழுந்து படியிறங்கினார். மறுவாரம் மறு ஆய்வு கேட்டார்.

*

"அதிகாரி வர்ற அன்னிக்கு உன் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு," என்று நுரையண்ணன் எச்சரித்து அனுப்பினார். "துடைப்பத்தை வேணா என் வீட்டுல கொண்டுவந்து வச்சுடு."

அன்று மடிப்பக்கா எதையும் துடைக்கவில்லை. அது அவருக்கு ஒரு நாள் வேலையைவிடக் கடினமாக இருந்தது. ரப்பர் விரிப்பு மெத்தையின் மேல் அப்படியே கிடந்தது. ஒரு தடவை அதன் மேல் நல்ல விரிப்பை இழுத்து மூடினார். பிறகு உருவி எறிந்தார். நாத்தனார் கடையை அடைத்துவிட்டு வந்து, சுவரோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூட்டர் வந்தது. அதே அதிகாரி.

"வாங்கம்மா, வாங்க. படியில நிக்காதீங்க!" கண்டக்டரின் குரலுக்கு மட்டும் வீட்டின் அழுக்கு ஒட்டவேயில்லை.

அதிகாரி இந்தத் தடவையும் புன்னகைத்தார். ஆனால் மூக்கு வேறு ஏதோ சொல்லியிருக்கவேண்டும், கட்டிலைப் பார்த்தார். பிறகு நாத்தனாரைக் கேட்டார்:

"நீங்க தினமும் வர்றீங்களா?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "இல்லைங்க. ஒரே ஒரு நாள் வந்தேன். மறுநாள் வர தைரியம் வரலை."

அதிகாரி மடிப்பக்கா பக்கம் திரும்பினார். கேள்வி வருமுன்பே மடிப்பக்கா, "சமையல் ரூமுக்கு வர்றீங்களா?" என்றார். வீடு சின்னது. சமையலறை இன்னும் சின்னது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லை. மடிப்பக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யாரும் இருக்கறதில்லைங்க. நான் வெளிய பூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் வந்துதான் திறப்பேன்."

"தினமுமா?"

"தினமும். கதவு உப்பிடுச்சுன்னு அவர்கிட்ட பொய் சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினார். சமையலறை வாசலில் கண்டக்டர் நின்றிருந்தார். வந்தவருக்குக் குடிக்கக் கூடத்துப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார். டம்ளரைக் கொஞ்சமும் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"உப்பிடுச்சுன்னு சொன்னியே?"

"இல்லைங்க. நான்தான் பூட்டினேன்."

"எதுக்கு?" என்றார். கத்தவில்லை. அந்தப் பெரிய குரல் முதல் தடவையாகச் சிறுத்திருந்தது. "நான் என்ன திருடனா?"

கண்டக்டர் டம்ளரை மேடையில் வைத்தார். வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இழைக்கவே வேண்டாம். நல்லாத்தான் இருக்கு," என்று கதவிடம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதிகாரி தணிந்த குரலில் கேட்டார்: "தீ கீ பிடிச்சா என்ன பண்ணுவாரு?"

"ரெகுலேட்டரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேங்க."

"தீ வேற எப்படியும் வரலாமே மேடம்."

அதைத்தான் விடுதியில் ஒவ்வொரு அறையிலும் நின்று மடிப்பக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. எனக்கு என்ன ஆனாலும் சரி."

"உங்களைப் பிடிச்சுக்குடுக்கறதுக்கு எழுதலை. ஆள் அனுப்பறதுக்குத்தான்." அதிகாரி கட்டிலருகே போய் மெத்தையில் கையை வைத்துப் பார்த்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "போன தடவை நானும் அவரோட சிரிச்சுப் பேசிட்டுப் போயிட்டேன். இதைத் தொட்டுப் பாக்கணும்னு தோணலை."

*

உதவி கிடைத்தது. வேலை நாட்களில் காலையிலிருந்து பிற்பகல்வரை நகராட்சி அனுப்பும் ஓர் ஆள். விடுதி மேலாளரிடம் ஷிப்டை மாற்றிக் கேட்டபோது, அவர் சட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"இத்தனை நாளா இங்க யாருக்கும் தெரியாதேம்மா?"

"தெரியக்கூடாதுன்னுதானே சார் இருந்தேன்."

அதிகாரி வந்துபோனதைக் கண்டக்டர் அன்று சாயங்காலமே மறந்துவிட்டார். 'திருடனா' என்று கேட்டதும் அவர் நினைவில் இல்லை. ஆனால் கதவு எங்கோ தங்கிவிட்டது. பகலெல்லாம் அடிக்கடி எழுந்துபோய்த் திறந்து பார்க்கிறார். இரவில் தாழ்ப்பாளை மடிப்பக்கா போட விடுவதில்லை, தானே போடுகிறார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் தன்னை ஒரு தடவை வாய்விட்டுத் திட்டித் தீர்த்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று மடிப்பக்காவுக்குத் தோன்றுவதுண்டு. திட்டுவதற்கு அவருக்குக் காரணம் ஞாபகமில்லை.

ஆள் வரும்வரை பூட்டு தொங்கத்தான் செய்தது. உதவியாளர் முதல் நாள் வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பழகிய, நடுவயது ஆண். வந்ததும் எந்தப் பேருந்தில் வந்தீர்கள் என்று கண்டக்டர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது மடிப்பக்கா பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் படியிறங்கினார். அப்படித்தான் பழக்கம். கண்டக்டர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து நழுவுவது. தெருவில் நாலு எட்டு வைத்திருப்பார்.

"ஏம்மா!"

கண்டக்டர் வாசலில் நின்றிருந்தார். பின்னால் உதவியாளர்.

"சொல்லிட்டுப் போகமாட்டியா?"

மடிப்பக்கா திரும்பி வந்தார். செருப்பு இன்னும் கையில் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வர்றேங்க."

"எப்ப வருவ?"

"மூணு மணிக்குங்க."

கண்டக்டர் யோசித்தார். "நேத்தும் மூணு மணிக்கா வந்தே?"

"இல்லைங்க. நேத்து இருட்டிடுச்சு."

"அதுவரைக்கும் நான் எங்க இருந்தேன்?"

உதவியாளர் சட்டென்று திரும்பி உள்ளே போனார்.

"உள்ளதாங்க இருந்தீங்க," என்றார் மடிப்பக்கா.

கண்டக்டர் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு, "சரி, மூணு மணிக்கு வந்துடு," என்றார்.

"வந்துடறேங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு, தலை நிமிராமல், மடிப்பக்கா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.